ருக்மணி தேவியும் ஈழத்துத் திரைப்பட வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர், அமைச்சர், படைத்தலைவர் ஆகியோரின் செயல்களைக் கொண்டே எழுதுதல் பழைய மரபு. மக்கள் எவற்றைக் கண்டு அழுதனர், எவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பனவும் வரலாற்றுக்கு உரிய பொருள்களே என்பது பிற்காலத்தில் ஏற்பட்ட தெளிவு. அவ்வகையில் நோக்குமிடத்து, ஈழத்தின் முதற் பேசும்படத்தில் கதாநாயகியாகத் தோன்றிய ருக்மணி தேவியின் வாழ்க்கை ஒரு நடிகையின் தனி வாழ்க்கையாக மட்டும் நின்றுவிடவில்லை. இந்நாட்டின் இரு மொழியினரும் பல சமயத்தினரும் ஒரு கலையை எவ்வாறு கூடி வளர்த்தனர், அக்கூட்டுறவு பின்னர் எவ்வாறு மறக்கப்பட்டது என்பவற்றை அறிதற்கு அது சிறந்ததொரு சான்றாகின்றது.

பெண்மக்கள் மேடையேறுதல் எளிதன்றாயிருந்த காலம் அது. மட்டக்களப்பிலிருந்து கோமாரி, பொத்துவில் வரை நீளும் கீழைக்கரைத் தமிழூர்களின் கூத்துக் களரியில், வடமோடியாயினும் தென்மோடியாயினும், பெண்பாத்திரங்களை ஆடவரே ஏற்று ஆடிவந்தனர். சீதையும் திரௌபதியும் ஆடவர் குரலிலேயே பாடினர். தமிழகத்து நாடகக் குழுக்களில் பெண்கள் நடிக்கத் தொடங்கியபின்னும் அவர்களுக்குப் புகழ் கிடைத்ததேயன்றிச் சமூக மதிப்பு எளிதிற் கிட்டவில்லை. 1931ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘காளிதாஸ்’ என்னும் முதற் பேசும்படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமியும், 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடித்தற்கு ஓரிலட்சம் ரூபாய் பெற்ற கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்தே திரைக்குச் சென்றனர். சுந்தராம்பாள் இளமையில் இலங்கை மேடைகளிலும் பாடி நடித்தவர். சிங்கள நாடகத்தைப் பொறுத்தவரையில், 1911இல் கொழும்பு மருதானையிலே எழுந்த டவர் மண்டபம் ‘நூர்த்தி’ என்னும் இசைநாடக வகைக்கு நிலைக்களமாயிற்று. அனி பொதேஜு முதலிய சில பெண்கள் அங்கு பெயர் பெற்றனர். ருக்மணி தேவி தோன்றியது இப்பின்னணியிலேயாம்.

இவர் 1923ஆம் ஆண்டு தை மாதம் 15ஆம் நாள் நுவரெலியா மாவட்டத்து றம்பொடையிலே பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ் என்பது. ஆங்கிலமும் தமிழும் விவிலிய மரபும் ஒன்றுகூடிய இப்பெயரே அவர் பிறந்த குடியின் இயல்பை நன்கு காட்டுவதாகும். கொழும்புச் செட்டிகள் எனப்படும் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. தென்னிந்தியாவிலிருந்து வாணிகம் கருதி வந்து, கொழும்பிலே நிலைபெற்று, ஒரு பகுதியார் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவி, காலப்போக்கில் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் வீட்டுமொழிகளாக ஏற்றுக்கொண்ட சமூகம் அது. ஆகவே, மொழி கடந்து செல்லுதல் அவருக்குப் புதிதன்று. குடிவழி வந்த பயிற்சியே எனலாம்.

அவரது கலைவாழ்வு திரையிலன்றி இசையிலேயே தொடங்கிற்று. குடும்பம் கொழும்பில் வாழ்ந்த காலத்தில் பள்ளி மேடையிலும் பின்னர் நாடக மேடையிலும் அவர் தோன்றினார். 1939ஆம் ஆண்டளவில் எச். டபிள்யூ. ரூபசிங்க என்னும் இசைவல்லாருடன் சேர்ந்து ‘சிறி புத்தகயா விகாரே’ என்ற பாடலை இசைத்தட்டிலே பாடினார். தமிழ்வழி வந்த கிறிஸ்தவச் சிறுமியொருத்தி, புத்தர் பெருமான் ஞானம் பெற்ற தலத்தைப் போற்றும் சிங்களப் பாடலைப் பாட, அதனைப் பௌத்த இல்லங்கள் பக்தியோடு கேட்டன என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. கேட்டவர் குரலின் இனிமையை நோக்கினரேயன்றிப் பாடியவரின் குலத்தை வினவினாரல்லர்.

நீர்கொழும்பிலே பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்ன நடத்திவந்த மினர்வா நாடகக் குழுவிலே சேர்ந்தமை அவர் வாழ்க்கையின் திருப்புமுனையாகும். ஜயமான்ன நாடகங்களை எழுதி இயக்க, அவர் சகோதரர் எடி ஜயமான்ன நகைச்சுவைப் பாத்திரங்களை ஏற்று நடித்தார். புராணக் கதைகளையும் அரச கதைகளையும் விட்டுச் சமகாலக் குடும்ப வாழ்வை மேடையேற்றியமை இக்குழுவின் சிறப்பு. செல்வர் வீட்டு இளைஞன், ஏழைப்பெண், காதல், வஞ்சகம், வாக்குத் தவறுதல் என்பன அக்கதைகளின் பொருள். ருக்மணி தேவி எடி ஜயமான்னவை மணந்து நீர்கொழும்பையே தம் ஊராக்கிக்கொண்டார்.

ஈழத்திலே படம் எடுக்கும் முயற்சி அதற்கு முன்னரும் நடைபெற்றதுண்டு. 1925இல் டி. ஏ. ஜே. நூர்பாய் தயாரித்த ‘ராஜகீய விக்கிரமய’ என்னும் மௌனப் படத்தில், பிற்காலத்தில் இடதுசாரித் தலைவராய் விளங்கிய கலாநிதி என். எம். பெரேரா நடித்திருந்தார். எனினும் அப்படம் இந்நாட்டு மக்கள் காணுமுன்பே தீக்கிரையாயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இலங்கைத் திரையரங்குகளில் இந்திய, மேனாட்டுப் படங்களே ஓடின. பேசும்படம் எடுத்தற்கு வேண்டிய ஒலிப்பதிவுக் கருவிகளோ, படப்பிடிப்பு நிலையமோ, பயின்ற தொழிலாளரோ இங்கிருந்தாரில்லை.

இக்குறையை நீக்கியவர் மதுரையிலே சித்ரகலா மூவிடோன் என்னும் நிறுவனத்தை நடத்திய எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். சிங்களப் படத்திற்கு இங்கே காத்திருக்கும் சுவைஞர் கூட்டம் உண்டென்பதை உணர்ந்த அவர், மினர்வா குழுவின் புகழ்பெற்ற நாடகமாகிய ‘கடவுனு பொரொந்துவ’வைத் தெரிந்தெடுத்தார். முறிந்த வாக்குறுதி என்பது அத்தலைப்பின் பொருள். நடிகர் குழு கடல் கடந்து மதுரைக்குச் சென்றது. வங்காளத்தைச் சேர்ந்த ஜோதிஷ் சிங் இயக்கினார். நாராயண ஐயர் இசையமைத்தார். 1947ஆம் ஆண்டு சனவரி 21ஆம் நாள் படம் திரையிடப்பட்டது. கதாநாயகி ரஞ்சனியாக ருக்மணி தேவி தோன்றினார். தமிழ்த் தயாரிப்பாளர், வங்காள இயக்குநர், தமிழக நிலையம், தமிழ்வழி வந்த நாயகி ஆகியோர் துணையோடு சிங்களத் திரைப்படம் பிறந்தது. அந்நாளே சிங்களச் சினிமாவின் பிறந்தநாளாக இன்றும் கொள்ளப்படுகின்றது.

இது தனிநிகழ்ச்சி அன்று. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாவது படமாகிய ‘அசோகமாலா’, யாழ்ப்பாணத்தவரான சிற்றம்பலம் கார்டினர் நிறுவிய சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் ஆதரவில் கோயம்புத்தூரிலே படமாக்கப்பட்டது. அதற்கு இசையமைத்தவர் முகம்மது கௌஸ். அதிற் பாடியவர் சேலத்திற் பிறந்த மொஹிதீன் பேக். இஸ்லாமியராகிய பேக் பாடிய பௌத்தப் பாடல்கள் வெசாக் காலங்களில் இன்றும் ஒலிக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து வந்த ஆர். முத்துசாமி பல சிங்களப் படங்களுக்கு இசை வகுத்தார். நாயகம் பின்னர் கந்தானையிலும், கே. குணரத்தினம் ஹெந்தளையிலும் படப்பிடிப்பு நிலையங்களை அமைத்தனர். இவர்களை விலக்கிச் சிங்களத் திரையின் தொடக்கத்தை எழுதுதல் இயலாது.

முதற் படத்தின் வெற்றி மேலும் பல படங்களுக்கு வழிவகுத்தது. ‘கபட்டி ஆரக்ஷகயா’ (1948), ‘ஹதிசி வினிஸ்சய’ (1949), ‘செங்கவுனு பிளிதுர’ (1951) என்பன தொடர்ந்து வந்தன. டபிள்யூ. ஏ. சில்வாவின் நாவலைத் தழுவிய ‘கெலே ஹந்த’ 1953இல் வெளியாயிற்று. இப்படங்கள் தமிழ், இந்திப் படங்களின் வார்ப்பிலே அமைந்தவை. நாட்டின் இயல்பான வாழ்வு அவற்றில் இல்லை என்று திறனாய்வாளர் குறை கூறினர். அக்குறை பொருத்தமானதே. மேடைநடிப்பின் மிகையும், இடையிடையே காரணமின்றி வரும் பாடல்களும் அவற்றில் மலிந்திருந்தன. ஆயினும், அக்குறைகளுக்கிடையே மக்களைத் திரையரங்குக்கு இழுத்தது ருக்மணி தேவியின் குரலேயாகும். தாமே நடித்துத் தாமே பாடும் ஆற்றல் வாய்ந்தவர் அவர். சோகத்தை ஆரவாரமின்றி வெளியிடும் கனிவு அக்குரலுக்கு இருந்தது.

1956ஆம் ஆண்டு நாட்டின் வரலாற்றில் இரு வகையாற் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வை எடுத்து, நிலையச் சுவர்களை விட்டுக் கிராமத்தின் இயற்கை வெளிக்குத் திரைப்படத்தைக் கொண்டுசென்றார். அதே ஆண்டில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியெனச் சட்டம் இயற்றப்பட்டது. அதனையொட்டிக் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே தமிழர் குருதி சிந்திற்று. ஆட்சிமன்றத்தில் மொழி பிரித்தது. இசைத்தட்டில் மொழி இணைத்தது. சிங்கள மக்களின் உள்ளங்கவர்ந்த குரல்களுள் முதன்மையான ஒன்று ராசம்மா என்னும் பெயரோடு பிறந்த பெண்ணின் குரலாயிருந்த வேளையிலேயே இவை நிகழ்ந்தன. இம்முரண்பாட்டை நோக்குமிடத்து ஓருண்மை புலப்படும். கலையில் ஒருவரை ஏற்றுக்கொண்ட சமூகம், அவர் பிறந்த இனத்தாரை அரசியலிலும் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. கலை உள்ளத்தை இளக்கும். சட்டத்தை மாற்றும் வலிமை அதற்குத் தானாக வந்துவிடாது.

புதிய யதார்த்தப் படங்களும் புதிய நடிகையரும் தோன்றிய 1960களில் ருக்மணி தேவியின் இடம் சுருங்கியது. ‘கம்பெரலிய’ (1963) போன்ற படங்கள் வேறு வகை நடிப்பை வேண்டின. நாயகியாயிருந்தவர் துணைப் பாத்திரங்களுக்குச் சென்றார். எனினும் பாட்டு அவரைக் கைவிடவில்லை. கிளாரன்ஸ் விஜேவர்த்தன முதலிய இளந்தலைமுறை இசைஞரோடும் அவர் பாடினார். ஊர்தோறும் நடந்த இசைநிகழ்ச்சி மேடைகளில் தோன்றினார். முதுமை நெருங்கியபின்னும் இரவு மேடைகளை நாடிச் செல்லுதல் கலைவேட்கையினால் மட்டும் அமைவதன்று. பிழைப்பின் தேவையும் அதிலுண்டு. முன்னோடிக் கலைஞர்க்கு ஓய்வூதியமோ உறுதியான வருவாயோ இல்லாத நிலை அக்காலத்தில் எங்கும் காணப்பட்டதே. 1978ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் நாள், மாத்தறையில் நடந்த இசைநிகழ்ச்சி முடிந்து நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவைச் சேர்ந்த துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்தில் அவர் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 55.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாளே இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கிற்று. ரூபவாஹினி 1982இல் வந்தது. வீட்டுக்குள் நுழைந்த அச்சிறு திரையில் தோன்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் பாடல்கள் வானொலி வாயிலாகவும் தொலைக்காட்சி வாயிலாகவும் புதிய தலைமுறையைச் சென்றடைந்தன. படங்களின் கதி வேறு. 1983 யூலைக் கலவரத்தில் குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா நிலையம் தீயிடப்பட்டு, அங்கிருந்த படச்சுருள்கள் அழிந்தன. இயக்குநர் கே. வெங்கட் அக்கலவரத்திலே கொல்லப்பட்டார். தமிழர் முதலில் எழுந்த நிலையத்தை எரித்தோர் சிங்களத் திரையின் செல்வத்தையே எரித்தனர் என்பது வரலாற்றின் கொடுமையான பாடமாகும்.

ருக்மணி தேவியை மதிப்பிடுவோர் இருவகைத் தவறு செய்தல் கூடும். அவரது பிறப்பை மறைத்துச் சிங்களக் கலைஞர் என மட்டும் கூறுதல் ஒன்று. அவரது உழைப்பு முழுவதையும் தமிழரின் பெருமைக் கணக்கில் எழுதுதல் மற்றொன்று. முன்னது உண்மையைக் குறைப்பது. பின்னது உண்மையை மிகைப்படுத்துவது. அவர் தமிழ்வழி வந்தவர். சிங்களத்தில் வாழ்ந்து பாடியவர். இரண்டும் ஒருங்கே உண்மை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் ஒரே கடலை நோக்கி வாழும் கோமாரி, பொத்துவில், கல்முனைக் கரையோரத்தார்க்கு இத்தகைய கலப்பு விளக்கம் வேண்டாத பொருள். அன்னார் நாள்தோறும் வாழும் வாழ்வே அது. ஈழத்துத் திரைப்பட வரலாற்றை எழுதப் புகும் மாணவர், எஞ்சிய படச்சுருள்களையும் இசைத்தட்டுக்களையும் தேடிப் பேணுவதோடு, அவற்றின் பின்னே நின்ற பல மொழியினரின் பெயர்களையும் விடாது பதிதல் வேண்டும். டெய்சி ராசம்மா என்னும் பெயரும் ருக்மணி தேவி என்னும் பெயரும் ஒரே பக்கத்தில் எழுதப்படும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.