மூணாங்கிளாஸ் பொண்ணு சொன்னதும், லண்டன் கேட்காததும்

நீச்சல் எனக்குக் கிணத்துல கிடைச்சது. முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டார், அவ்வளவுதான் கோச்சிங். அதனால ட்ரையத்லானுக்குப் பேர் கொடுத்தப்போ சைக்கிளும் ஓட்டமும்தான் கவலையா இருந்துச்சு. நீச்சலைப் பத்தி யோசிக்கவே இல்லை.

முதல் நாள் 25 மீட்டர்லயே மூச்சு வாங்கி விளிம்பைப் பிடிச்சிட்டேன். பக்கத்து லேன்ல மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு அலட்டிக்காம போய்த் திரும்பி வந்துச்சு. "அங்கிள், தலையைத் தூக்காதீங்க"ன்னு அட்வைஸ் வேற. எனக்கா சொல்ற? நான் கிணத்துல குதிச்சவன்!

அந்த அட்வைஸை ஏத்துக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. இதே மாதிரி ஒரு வீம்புல ஐரோப்பா அரை நூற்றாண்டுக்கு மேல வீணாக்கியிருக்கு. அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

1844, லண்டன். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த சிலர் அங்கே வந்திருந்தார்கள். அவர்களில் இருவரை ஹை ஹோல்பார்ன் குளத்தில் நீந்திக் காட்டச் சொன்னார்கள். ஒருவர் பெயர் 'பறக்கும் கடற்காகம்', இன்னொருவர் 'புகையிலை'. சுமார் 40 மீட்டர் நீளக் குளத்தை முன்னவர் அரை நிமிடத்துக்குள் கடந்தார். கைகளை மாற்றி மாற்றி மேலே தூக்கி வீசி, கால்களால் தண்ணீரை அடித்துக்கொண்டு. இன்று நாம் ஃப்ரீஸ்டைல் என்று சொல்லும் கிரால் நீச்சலின் உறவுக்காரன்.

பத்திரிகைக்காரர்கள் அந்தக் கைகளைக் காற்றாலை இறக்கைக்கு ஒப்பிட்டார்கள். பாராட்டு இல்லீங்க, கிண்டல். தண்ணியைத் தெறிக்க விடுறது கனவானுக்கு அழகில்லையாம். போதாக்குறைக்கு அன்னைக்கே ஒரு ஆங்கிலேயர் தவளை நீச்சலில் அவர்களைத் தோற்கடிச்சும் காட்டிட்டார். அத்தோட அந்த அத்தியாயத்தை மூடிட்டாங்க.

1875ல் கேப்டன் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். தவளை நீச்சல்தான். 21 மணி 45 நிமிடம். மனுஷனோட உறுதியைப் பார்த்து நான் இன்னைக்கும் மலைக்கிறேன், ஆனா அது உறுதியால ஜெயிச்சது, நுட்பத்தால இல்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே ஜான் ட்ரட்ஜன், தென் அமெரிக்காவில் பார்த்துக் கற்ற கைவீச்சை லண்டன் போட்டியில் காட்டியிருந்தார். கை மாறியது. கால் மட்டும் பழைய உதைதான்.

காலும் மாறியது சிட்னியில். சாலமன் தீவுகளில் பிறந்து அங்கே படிக்க வந்த அலிக் விக்காம் என்ற சிறுவன், தன் ஊர்ப் பிள்ளைகள் நீந்துவது போலவே நீந்தினான். கேவில் குடும்பத்துச் சகோதரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1902ல் டிக் கேவில் 100 கெஜத்தை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். வந்த பெயர் என்ன தெரியுமா? 'ஆஸ்திரேலியன் கிரால்'. விக்காம் பேரு எங்கேயும் இல்லை. பசிபிக் தீவுகளில் குழந்தைகள் காலங்காலமாக விளையாட்டாகச் செய்தது, வெள்ளைக்காரர் செய்ததும் கண்டுபிடிப்பு ஆகிவிட்டது.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹவாய் மண்ணின் மைந்தர் டியூக் கஹனமோகு 100 மீட்டர் தங்கத்தை வாங்கியபின் வாதம் முடிந்தது.

எனக்குப் பிடிச்சது 1926தான். 20 வயசு கெர்ட்ரூட் எடர்லி அதே ஆங்கிலக் கால்வாயை கிராலில் சுமார் பதினாலரை மணி நேரத்தில் கடந்தார். முதல் பெண். அதுவரை கடந்திருந்த ஐந்து ஆண்களின் சாதனையையும் விட ஏறக்குறைய 2 மணி நேரம் குறைவு! சின்ன வயசுல வந்த தட்டம்மையால அவருக்குக் காது மந்தம். (டாக்டர் புத்தி போகாது: 9 மாசத்துலயும் ஒன்றரை வயசு வாக்குலயும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டாச்சான்னு உங்க வீட்டுக் குழந்தையோட கார்டைப் பாருங்க.)

சரி, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

தண்ணீர், காற்றை விடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அதனால பலத்தைக் கூட்டுறதை விட, எதிர்ப்பைக் குறைக்கிறதுதான் லாபம்.

நுரையீரல்தான் நம்ம மிதவை, அது நெஞ்சுல இருக்கு. இடுப்பும் காலும் கனம். கிட்டத்தட்ட 5 கிலோ தலையைத் தண்ணிக்கு மேல தூக்கினா கால் இன்னும் கீழே போகும். உடம்பு படகு மாதிரி போகாம, கலப்பை மாதிரி தண்ணியை உழும். நான் 25 மீட்டருக்கு உழுதது அதைத்தான். (டார்ஜான் நடிகர் ஜானி வைஸ்முல்லர் தலையைத் தூக்கித்தான் நீந்தினார், 1922ல் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் முடித்த முதல் ஆளும் அவரே. அவர் உடம்புக்கு அது சரி. நமக்கு வேண்டாம்.)

அப்புறம் மூச்சு. முட்டுறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு இல்லை, கார்பன் டை ஆக்சைடு வெளியே போகாததுதான். நான் தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிச்சு வெச்சிருந்தேன். தலை வெளியே வர்ற அரை நொடியில விடவும் இழுக்கவும் எப்படி முடியும்? முகம் உள்ளே இருக்கும்போதே மூக்காலயும் வாயாலயும் நிதானமா ஊதிக்கிட்டே இருக்கணும், பக்கவாட்டில் திரும்பும்போது இழுக்க மட்டும் செய்யணும். எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் ஃபிசியாலஜில படிச்சதுதான். பரீட்சையில எழுதவும் செஞ்சேன்.

நேத்து நைட் டியூட்டி முடிச்சுட்டு நேரா குளத்துக்குப் போனேன். தலையைக் கவுத்து, கையை நீட்டி, அவசரப்படாம. 100 மீட்டர், நிக்காம. அந்தப் பொண்ணு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுச்சு.

போட்டியில 1500 மீட்டர். இன்னும் 1400 பாக்கி.