லைசென்சு, பர்மிட்டு, கோட்டா: ஒரு கிழவரின் சண்டை

80 வயசுல நம்ம வீட்டுப் பெருசுங்க என்ன பண்ணும்? பேப்பர் படிக்கும், விலைவாசியைத் திட்டும். ராஜாஜியும் விலைவாசியைத்தான் திட்டினார், ஆனா அதுக்காக ஒரு கட்சியே ஆரம்பிச்சுட்டார். 1959ல் சென்னையில் தொடங்கிய சுதந்திரா கட்சி. தலைவர் என்.ஜி.ரங்கா, பொதுச்செயலாளர் மினு மசானி. 'லைசென்ஸ் பர்மிட் ராஜ்'ங்கிற பிரயோகமே ராஜாஜி புழக்கத்துல விட்டதுதான்.

கோபம் ஒரே நாள்ல வரலை. 1955 ஆவடி மாநாட்டில் 'சோஷலிச பாணி சமுதாயம்'னு காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அடுத்து இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம்: அரசுத் துறைக்கு 4800 கோடி ரூபாய், அதில் 1200 கோடி பற்றாக்குறை நிதி. அதாவது கையில் இல்லாத காசு. அரசு கூட்டிய பொருளாதார நிபுணர் குழுவில் இதை எதிர்த்துத் தனியாகக் குறிப்பு எழுதியவர் பி.ஆர்.ஷெனாய் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் தலையாட்டியாச்சு. 1957லேயே அன்னியச் செலாவணிக்கு நாடு தவிக்க ஆரம்பிச்சுது. 1959 ஜனவரியில் நாக்பூரில் கூட்டுறவு விவசாயத் தீர்மானம் வந்ததும் பெரியவர் பொங்கிட்டார்.

நடுவுல இன்னொரு கூத்து. 1956ல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. அடுத்த வருஷமே எல்ஐசி, முந்த்ராங்கிற ஆளோட ஆட்டம் கண்டிருந்த கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாயைப் போட்டது. பிரீமியம் கட்டினவன் காசு! ஃபெரோஸ் காந்தி பாராளுமன்றத்தில் கிழிச்சார், நீதிபதி சாக்ளா பகிரங்கமா விசாரிச்சார், 1958ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். ஊரார் பணம் அரசு கைக்குப் போனா என்ன ஆகும்னு ராஜாஜி தனியா விளக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருவோம். 1951 தொழில் சட்டப்படி, பட்டியல்ல உள்ள தொழில்ல பெரிய ஆலை தொடங்கவோ விரிவாக்கவோ டெல்லி அனுமதி வேணும். அனுமதிச்ச அளவுக்கு மேல உற்பத்தி பண்ணினா தப்பு. சர்வர் எதிர்பார்த்ததை விட வேகமா ஓடுச்சுன்னு நமக்கு மெமோ கொடுத்தா எப்படி இருக்கும்? அந்த மாதிரி :-) சரி, இதனால பணக்காரனாவது அடங்கினானா? அதுவும் இல்லை. பெரிய குடும்பங்கள் லைசென்ஸை முன்கூட்டியே வாங்கி அடுக்கிவச்சு, போட்டிக்கு ஆள் வராமப் பாத்துக்கிட்டதை 1967ல் ஹஸாரி அறிக்கை காட்டியது. அந்த ஆய்வைச் செய்யச் சொன்னது திட்டக் கமிஷனேதான்.

எனக்கு ரொம்ப உறுத்துறது தங்கக் கட்டுப்பாடுதான். சீனப் போருக்கு அப்புறம், 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல புது நகையே செய்யக்கூடாதுன்னு உத்தரவு போட்டார். செலாவணியைக் காப்பாத்தணும், கடத்தலை ஒழிக்கணும்ங்கிறது நோக்கம். நோக்கத்தில் தப்பில்லை. ஆனா பட்டறையில் ஊதுகுழலோட உட்கார்ந்திருந்த பத்தர்கள் பிழைப்பு போச்சு, தற்கொலைகள் நடந்தன. கடத்தல்காரன் மட்டும் நல்லா இருந்தான். 1968ல் தனிச்சட்டமாவே ஆக்கி, 1990ல்தான் ரத்து செஞ்சாங்க. கிட்டத்தட்ட 27 வருஷம்!

இதுவரைக்கும் படிச்சிட்டு, ராஜாஜிக்கு ஒரு ஜே போட்டுட்டுப் போயிடாதீங்க மக்களே. அரசு மக்கள் வாழ்க்கைக்குள்ள மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு சொன்ன இதே மனுஷன் பதவியில் இருந்தப்ப என்ன செஞ்சார்? 1938ல் பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1953ல் அரை நாள் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில்னு ஒரு திட்டம் கொண்டு வந்தார். ஒரு பையன் என்னவா ஆகணும்னு கோட்டையில் உட்கார்ந்து முடிவு பண்றதை விடப் பெரிய பர்மிட் ராஜ் உண்டா? அதோடயே 1954ல் பதவியை விட்டு இறங்கினார். ஆனா 1952ல் உணவு தானியக் கட்டுப்பாட்டைத் துணிச்சலா எடுத்ததும் அவர்தான், அதையும் சொல்லணும்.

கட்சியும் ஒழுங்கா நிமிரலை. மகாராஜாக்களும் ஜமீன்களும் உள்ளே வந்து உட்கார்ந்ததால, சின்ன வியாபாரிக்கும் விவசாயிக்கும் பேசுற கட்சின்னு சொன்னா எவன் நம்புவான்? 1967ல் மக்களவையில் 44 இடம் வாங்கி எதிர்க்கட்சிகளில் பெரியதாச்சு. 1971ல் 8. 1974ல் வேற கட்சியில கரைஞ்சாச்சு. 67ல் தமிழ்நாட்டில் கூட்டணி யாரோட? ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு சொன்ன திமுகவோட! அரசுச் செலவைக் குறைக்கணும்னு சொன்ன கட்சிக்கு நல்ல கூட்டாளி.

மதுவிலக்கு கதை இன்னும் சுவாரசியம். 1937ல் சேலத்தில் அவர் கொண்டு வந்தது. குடிக்கறவனை அரசு தடுக்கலாமாங்கிற கேள்வி அவருக்கு வரவே இல்லை போல. சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி போட்டார், நாட்டிலேயே முதல் முறையா. 1971ல் கருணாநிதி அரசு நிதி நெருக்கடியைச் சொல்லி மதுவிலக்கைத் தளர்த்தினப்போ, வேண்டாம்னு 92 வயசுல நேரில் போய்க் கேட்டுக்கிட்டார். நடக்கலை. அடுத்த வருஷம் டிசம்பர்ல காலமானார்.

2003லிருந்து சில்லறை மது விற்பனையையும் அரசே டாஸ்மாக் மூலமா எடுத்து நடத்துது. மதுவை நிறுத்தினதுக்காக வந்த விற்பனை வரி மட்டும் எங்கேயும் போகலை. 2017ல் ஜிஎஸ்டி வந்தப்பவும் குடிக்கிற மதுவை அதுக்கு வெளியிலேயே வச்சாங்க, மாநிலம் தனியா வரி போட்டுக்கறதுக்காக.