சாச்சா பார்த்த சண்டை

எங்கள் வத்தளை வீட்டில் முஹம்மத் அலியின் பெயர் ஓர் உறவுக்காரரின் பெயரைப் போலத்தான் புழங்கியது. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, ஒவ்வொரு பெருநாளும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே கதையைச் சொல்வார்.

"ஃபோர்மனோட அலி அடிச்ச சண்டைய நாங்க டீவீல பாத்தம். நோன்பு காலம். ஸஹர் சாப்பிட்டுட்டு, சுபஹு தொழுதுட்டு, தூங்காம இருந்தம். கடைசில மத்தவன்ட கண் ரெண்டும் வீங்கி மூடிட்டு. அவன்ட ஆக்களே சண்டைய நிப்பாட்டிட்டாங்க."

நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்த ஒரு பெருநாளில், எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்: "சாச்சா, அந்தக் காலத்துல நம்மட நாட்டுல டீவியே இல்லியே!" வீடே சிரித்தது. சாச்சா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொன்னதேயில்லை.

நான் சொன்ன தகவல் சரிதான். இலங்கையில் முதல் தொலைக்காட்சியான ஐ.டீ.என். ஒளிபரப்பைத் தொடங்கியது 1979 ஏப்ரல் 13இல். ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரி 15இல். அலி ஃபோர்மனை ஸயர் நாட்டின் கின்ஷாசாவில் எட்டாவது சுற்றில் வீழ்த்தியதோ 1974 ஒக்டோபர் 30இல். பஹாமாஸில் அலி ஆடிய கடைசிச் சண்டைகூட 1981 டிசம்பர் 11இல், ரூபவாஹினிக்கு இரண்டு மாதம் முன்பே முடிந்துவிட்டது.

அமெரிக்காவிலும் இப்பெரிய சண்டைகளை எல்லாரும் வீட்டிலிருந்து பார்க்கவில்லை. தியேட்டர்களிலும் அரங்குகளிலும் திரைகட்டி, டிக்கட் விற்றுக் காட்டினார்கள். 1971இல் அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் ஆளுக்கு 25 இலட்சம் டொலர் கொடுக்க முடிந்தது அந்த வருமானத்தை நம்பித்தான். சண்டையின் நேரத்தைத் தீர்மானித்ததும் அதே வியாபாரம்தான். அமெரிக்காவில் இரவு பத்து மணியாக இருக்கவேண்டும் என்பதற்காக, கின்ஷாசாவில் அதிகாலை நான்கு மணிக்கு அலி வளையத்துக்குள் ஏறினார்.

பல வருடங்களுக்குப் பிறகு, எங்கள் பகுதியில் வானொலி கேட்ட பழக்கம் பற்றிக் குறிப்பெடுத்தபோது சாச்சாவின் கதை மீண்டும் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். 1974இல் ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே நோன்பு முடிந்துவிட்டது. ஆகவே கின்ஷாசா நோன்பு காலச் சண்டையே அல்ல. ஆனால், மணிலாவில் அலியும் ஃபிரேசியரும் மூன்றாம் முறை மோதிய 1975 ஒக்டோபர் 1, ரமழானின் கடைசிப் பத்தில் விழுகிறது. அமெரிக்க இரவுக்காக அதையும் மணிலாவில் காலையிலேயே வைத்தார்கள். நமக்கு அது காலை எட்டு மணியளவு. ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடிப்போக, பதினான்காவது சுற்று முடிந்ததும் அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் சண்டையை நிறுத்திவிட்டார்.

நோன்பு, ஸஹருக்குப் பிந்திய காலை, மூடிய கண்கள், சொந்த ஆட்களே நிறுத்தியது: எல்லாம் சரி. பிழைத்தது எதிராளியின் பெயரும் டீவியும்தான். அவர் அன்று ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார் என்பது என் ஊகம். எண்பதுகளில் மத்திய கிழக்குக்குப் போனவர்கள் டீவியும் டெக்கும் கொண்டுவந்தார்கள். வீடியோ கசெட்டில் பிறகு பார்த்த படம், முன்பு காதால் கேட்டதோடு கலந்திருக்கலாம்.

இதைச் சொல்ல நான் தேடிப்போகும்போது சாச்சா வபாத்தாகி இரண்டு வருடம்.

நமது ஊர்களின் வரலாற்றில் பெரும்பகுதி இன்னும் இப்படி வாய்களில்தான் இருக்கிறது. ஒரு மூத்தவர் சொல்வதில் பிழை தெரிந்தால் உடனே திருத்திவிடாதீர்கள். அது என்ன மாதம், நோன்பா பெருநாளா, விடியலா அந்தியா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். நான் அன்று கேட்டிருந்தால், யாருடைய வீட்டு ரேடியோ அது என்பதையாவது இன்று எழுதியிருப்பேன்.