குரோமாட்டின் ஆய்வு வரலாறு: பறவைக் குருதியிலிருந்து மருந்து வரை

மனித உயிரணு ஒன்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அவற்றைத் தாங்கும் உட்கரு ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கே அகலமுடையது. டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த இந்தப் பொதிவு குரோமாட்டின் எனப்படுகிறது.

இதன் வரலாற்றில் பறவைக் குருதிக்குத் தனி இடம் உண்டு. முதிர்ந்த மனிதச் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. 1884இல் ஆல்பிரெக்ட் கோசல் வாத்தினக் குருதியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து ஹிஸ்டோன் எனப் பெயரிட்டார். அது டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் வெறும் கட்டுமானப் பொருள் என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது.

1964இல் வின்சென்ட் ஆல்ஃப்ரேயும் உடன் ஆய்வாளர்களும் இவ்வெண்ணத்தை அசைத்தனர். ஹிஸ்டோன்களில் அசிட்டைல் தொகுதி சேர்வதற்கும் மரபணுச் செயல்பாட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்றனர். இச்சேர்க்கை ஹிஸ்டோனின் நேர்மின்னூட்டத்தைக் குறைப்பதால், எதிர்மின்னூட்டம் கொண்ட டி.என்.ஏ. மீதான பிடி தளர்கிறது.

1974இல் ரோஜர் கோர்ன்பெர்க் பொதிவின் அடிப்படை அலகை விளக்கினார். நியூக்ளியோசோம் என்னும் அந்த அலகில் எட்டு ஹிஸ்டோன்களைச் சுற்றி டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சுற்று சுற்றியிருக்கும். சுற்று முடியும் இடத்தை இன்னொரு ஹிஸ்டோன் பிடித்துக்கொள்கிறது. பறவைச் சிவப்பணுக்களில் இப்பணியைச் செய்வது பெரிதும் எச்5. அங்கே பொதிவு மிக இறுக்கமாக இருப்பதால் பெரும்பாலான மரபணுக்கள் செயலற்றுக் கிடக்கின்றன.

எச்5இன் மையப்பகுதி வடிவத்தை 1993இல் வெளிப்படுத்திய குழுவை வழிநடத்தியவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். டி.என்.ஏ.வைப் பற்றக்கூடிய இரு பரப்புகள் அதில் எதிரெதிரே இருப்பதாக அக்குழு கருதியது. 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது ரைபோசோம் ஆய்வுக்காக. அதனால் இந்தப் பணி அதிகம் பேசப்படுவதில்லை.

பொதிவு நிலையானதன்று. சில நொதிகள் ஏ.டி.பி. ஆற்றலால் நியூக்ளியோசோம்களை நகர்த்துகின்றன. சில அசிட்டைல் தொகுதிகளைச் சேர்க்கின்றன, சில நீக்குகின்றன. ஒரே டி.என்.ஏ.வைக் கொண்டு நரம்பணுவும் தோலணுவும் வேறுபட்டு இயங்க இதுவும் ஒரு காரணம். இச்சமநிலை குலைவது சில புற்றுநோய்களில் காணப்படுகிறது. அசிட்டைல் நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட் 2006இல் அமெரிக்காவில் ஒருவகைத் தோல் நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. கட்டுமானப் பொருளாகக் கருதப்பட்ட ஹிஸ்டோன் பற்றிய அறிவு அவ்வாறு சிகிச்சைக்கும் வழிவகுத்தது.