திறந்த மூலநிரலும் தனியுடைமை மூலதனமும்: ஒரு வரலாற்று நோக்கு

மென்பொருள் தொடக்கத்திலிருந்தே தனிப்பண்டமாக விற்கப்பட்டதொன்றன்று. 1960களில் அது பெரும்பாலும் கணினியை வாங்குவோருக்கு அதனோடு சேர்த்தே வழங்கப்பட்டது. 1969இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தனிவிலை அறிவித்தமை, மனித உழைப்பின் இப்புதிய விளைபொருள் பண்டவடிவம் பெற்றமையைச் சுட்டும் எல்லைக்கல் எனலாம்.

நிரலைப் படியெடுப்பதற்கு ஏறத்தாழச் செலவேதுமில்லை. எனவே, அது விலைபோக வேண்டுமாயின் பற்றாக்குறை சட்டத்தாலும் மறைப்பாலும் உண்டாக்கப்படல் வேண்டும். யுனிக்ஸின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் அது தோன்றியது. 1956ஆம் ஆண்டின் நீதிமன்ற இணக்கத் தீர்ப்பு அந்நிறுவனத்தைத் தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகத்தினின்று விலக்கியிருந்தமையால், யுனிக்ஸ் மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட்டது. 1984இல் நிறுவனம் பிரிக்கப்பட்டு அத்தடை நீங்கியதும், பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வளர்த்த அவ்வாக்கம் வணிகப் பண்டமாயிற்று.

இத்தகைய சூழலிலேயே றிச்சர்ட் ஸ்ரோல்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1989இல் வெளிவந்த அதன் பொது உரிமம், தனியுடைமையின் காவலனான பதிப்புரிமைச் சட்டத்தையே பொதுமையின் காவலனாக்கியது. நிரலைத் திருத்தி வெளியிடுவோர் தாம் பெற்ற உரிமைகளைப் பிறருக்கும் வழங்கவேண்டும் என்பதே அதன் சாரம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவும் மறு ஆண்டில் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

மூலதனம் இதனை ஒரே குரலில் எதிர்க்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. 2001இல் மைக்ரோசொப்ட்டின் தலைமை நிருவாகி லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். ஐ.பி.எம். நிறுவனமோ அவ்வாண்டில் லினக்ஸுக்கென நூறு கோடி டொலர் செலவிடப்போவதாக முன்னரே அறிவித்திருந்தது. இயங்குதளத்தை விற்பவருக்குப் போட்டியாக நின்ற அதே நிரல், கணினியையும் சேவையையும் விற்பவருக்குச் செலவைக் குறைக்கும் சாதனமாயிற்று. காலப்போக்கில் எதிர்த்தவரும் வழிமாறினர். 2018இல் மைக்ரோசொப்ட், திறந்த நிரலாளர் கூடும் கிட்ஹப் தளத்தை 750 கோடி டொலருக்கு வாங்கியது. 2019இல் ஐ.பி.எம். றெட் ஹற் நிறுவனத்தை 3400 கோடி டொலருக்கு வாங்கியது. நிரல் எவருக்கும் திறந்திருக்க, அதனைச் சூழ்ந்த சேவையும் சந்தையும் உழைப்பின் ஒழுங்கமைப்புமே விலைபோயின.

2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் குறைபாடு இம்முரண்பாட்டைத் துலக்கிக் காட்டியது. இணையத்தின் பெரும்பகுதி பாதுகாப்புக்காக நம்பியிருந்த அந்நிரலுக்கு அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. இலாபம் ஈட்டிய நிறுவனங்கள் பல. பராமரிப்புச் சுமையோ தன்னார்வலர் சிலர்மீது விழுந்தது.

திறந்த மூலநிரல் உற்பத்திச் சாதனங்களுள் ஒன்றைப் பொதுமையாக்கியது. அதன் வரலாற்றுச் சாதனை மறுக்கற்பாலதன்று. ஆயின் உழைப்பின் பயனை யார் கொள்கின்றனர் என்ற வினாவை உரிமம் எழுதித் தீர்த்துவிட முடியாது. அது உற்பத்தி உறவுகள் பற்றிய வினா.