இரட்டைக் கிளச்சும் மலைப்பாதையும்

நோட்டன் பிரிட்ஜில் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1950ஆம் ஆண்டில் அணை எழுப்பப்பட்டது. அங்குத் தேங்கும் நீர் சுரங்கவழியே சென்று லக்ஷபான மின்னிலையத்தை இயக்குகின்றது. ஆற்றலைப் பெறுதல் அரிது. அதனை வீணாக்காது கடத்துதல் அதனினும் அரிது. அணையருகே மலையேறும் மோட்டார் வண்டிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களோடு சேர்ப்பதும் பிரிப்பதும் கிளச்சின் தொழில். கியர் மாற்றுந்தோறும் அவ்வாற்றல் ஒருகணம் அறுபடும். இக்குறை தீர, பிரான்சு நாட்டு அடொல்ஃப் கெக்ரெஸ் என்பார் 1939ஆம் ஆண்டளவில் ஒரு வழி கண்டார். ஒற்றையெண் கியர்களுக்கு ஒரு கிளச்சும் இரட்டையெண் கியர்களுக்கு மற்றொன்றும் அமைப்பின், ஒன்று விடும்போதே மற்றையது பற்றிக்கொள்ளும். 1980களில் போர்ஷே நிறுவனம் இம்முறையைப் பந்தய வண்டிகளில் ஆண்டது. 2003ஆம் ஆண்டில் வோக்ஸ்வாகன் நிறுவனம் பொதுமக்கள் வாங்கும் கோல்ஃப் வண்டியில் இதனைப் பொருத்தியது.

அவ்வண்டியின் கிளச் ஈரவகையினது. அதன் தகடுகள் எண்ணெயில் தோய்ந்து சுழலும். உராய்வால் எழும் வெப்பத்தை எண்ணெய் சுமந்து செல்லும். அது 350 நியூட்டன் மீற்றர் வரையான முறுக்குவிசையைத் தாங்கவல்லது. ஆயின் எண்ணெயை ஓட்டும் பம்பிக்குச் சிறிது ஆற்றல் செலவாகும். எண்ணெயையும் காலந்தோறும் மாற்றல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் அதே நிறுவனம் உலர்வகையை வெளியிட்டது. அதன் தகடுகளைச் சூழ்வது காற்றே. எரிபொருள் மிச்சமாயிற்று; தாங்கும் விசையோ 250 ஆகக் குறைந்தது.

இலங்கையர் பெரிதும் இவ்வுலர்வகையை அறிந்தது ஹொண்டா நிறுவனத்தின் வாயிலாகவே. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த கலப்பின ஃபிட், வெசல் வண்டிகளில் ஏழு கியர் உலர் இரட்டைக் கிளச் இருந்தது. சமவெளியில் அது சிக்கனமானது. கொண்டையூசி வளைவில், பஸ்ஸின் பின்னே அங்குலம் அங்குலமாக ஏறுங்கால் நிலைமை வேறு. கிளச் முற்றும் பற்றாது வழுக்கும், வெப்பம் பெருகும், அதனை அகற்ற எண்ணெய் இல்லை. மின்கலத்தில் மின்சாரம் குறைந்தவிடத்து மின்மோட்டாரின் துணையும் குறையும். 2020ஆம் ஆண்டில் வந்த புதிய ஃபிட் வண்டியில் அந்நிறுவனம் இம்முறையைக் கைவிட்டது.

ஈரம் உயர்ந்தது, உலர்வு தாழ்ந்தது என்பதன்று இதன் முடிபு. ஒன்று வெப்பத்தை வெல்ல ஆற்றலைக் கொடுக்கின்றது. மற்றொன்று ஆற்றலைச் சேமிக்க வெப்பத்தை ஏற்கின்றது. ஏற்றத்தில் நிற்க நேரின், முடுக்கியால் வண்டியைத் தாங்காது பிரேக்கை மிதித்தலும், முன்வண்டி விலகியபின் தயங்காது ஏறுதலும் உலர்கிளச்சின் ஆயுளை நீட்டும். பொறியின் இயல்பறிந்து ஓட்டுவானுக்கே மலைப்பாதை எளிதாகும்.