வாட்டிலிருந்து லூமனுக்கு: எல்இடி விளக்கைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களின் வரலாறு

மின்சாமான் கடையில் பல்பு வாங்க வருபவர் இன்றும் “ஒன்பது வாட் கொடுங்க” என்றே கேட்கிறார். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரத்தின் அளவு. அது தரும் வெளிச்சத்தின் அளவு லூமன். செலவைக் குறிக்கும் எண் எவ்வாறு வெளிச்சத்தின் அளவாக நிலைபெற்றது, எல்இடி வந்தபின்னும் ஏன் நீடிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2014க்குப் பின் இந்தியாவில் எல்இடி பரவிய முறை விலையையும் மின்கட்டணத்தையும் மக்கள் முன் வைத்தது. ஒளியின் தரத்தைச் சொல்லும் அளவுகோல்கள் பின்தங்கிவிட்டன. வீட்டிலும் கடையிலும் இன்று நேரும் தேர்வுப் பிழைகள் பலவும் இந்த வரலாற்றில் வேர்கொண்டவை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வாட் அளவுகோலாக இருந்த காலம்

குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போக, ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 12 லூமன்தான் கிடைக்கும். எந்த நிறுவனத்தின் பல்பும் ஏறக்குறைய இதே திறன் கொண்டிருந்ததால், வாட்டைச் சொன்னாலே வெளிச்சம் விளங்கிவிட்டது. படுக்கையறைக்கு 40, கூடத்துக்கு 60, முற்றத்துக்கு 100 என்ற வழக்கு அப்படித்தான் உருவானது.

இந்த ஒழுங்கை முதலில் குலைத்தது டியூப்லைட். 40 வாட் குழல், 40 வாட் குண்டு பல்பைவிடப் பல மடங்கு வெளிச்சம் தந்தது. ஆயினும் நான்கடி நீளமும் சோக்கும் ஸ்டார்ட்டரும் கொண்ட அதை வேறொரு பொருளாகவே மக்கள் கருதியதால், ஒப்பிட்டுப் பார்க்கும் தேவை எழவில்லை. டியூப்லைட் விட்டுச் சென்றது வேறொரு பழக்கத்தை. அதன் நீலங்கலந்த வெண்மையே நல்ல வெளிச்சம் என்ற எண்ணம் வேரூன்றியது. எல்இடியில் 6500 கெல்வின் (ஒளியின் வண்ணத்தைச் சொல்லும் அலகு) வெண்மையைப் பலரும் யோசிக்காமல் கேட்பதற்கு அந்தப் பழக்கமும் காரணம் எனலாம்.

வணிகக் கட்டடங்களில் மாற்றம் விதி வடிவில் வந்தது. 2007இல் எரிசக்தித் திறன் பணியகம் வெளியிட்ட கட்டட விதித்தொகுப்பு, அலுவலக விளக்குகளுக்குச் சதுர மீட்டருக்கு 10.8 வாட் என்ற உச்சவரம்பை வகுத்தது. வெளிச்சத்தின் அடையாளமாக இருந்த வாட் இங்கே கட்டுப்படுத்த வேண்டிய செலவாயிற்று.

நீல ஒளியும் அதன் விளைவும்

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி உமிழும் டயோடை 1962இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். அறையை விளக்கும் வெள்ளை ஒளிக்கு நீலம் தேவைப்பட்டது; அதற்கான முயற்சி முப்பது ஆண்டு நீண்டது. ஜப்பானின் நகோயாவில் இசாமு அகசாகியும் ஹிரோஷி அமானோவும் 1986இல் நீல ஒளிக்கு வேண்டிய தரமான காலியம் நைட்ரைடு படிகத்தை வளர்த்தனர். நிச்சியா நிறுவனத்தின் ஷூஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்இடியை எட்டினார். நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசிய வெள்ளை எல்இடி 1996இல் சந்தைக்கு வந்தது. மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றைய தேர்வுச் சிக்கலின் அறிவியல் காரணம் நீலச் சில்லில் பாஸ்பர் பூசும் முறையிலேயே இருக்கிறது. நீலமும் மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும், அவ்வொளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. சிவப்பு பாஸ்பரைச் சேர்த்தால் நிறங்கள் சீராகும். ஆனால் ஆழ்ந்த சிவப்புக்கு மனிதக் கண்ணின் கூருணர்வு குறைவென்பதால் வாட்டுக்கான லூமன் இறங்கும். மின்சிக்கனமும் நிறத்தூய்மையும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எனவே எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரையில் கூடுதல் நட்சத்திரம் பெற்ற விளக்கு, நிறங்களைக் கூடுதல் செம்மையாகக் காட்டும் என்று கொள்ள முடியாது. அம்முத்திரை தரம்பிரிப்பது வாட்டுக்கான லூமனை வைத்துத்தான்.

புதுச்சேரியில் தொடங்கிய மாற்றம்

2014 தொடக்கத்தில் எல்இடி பல்பு சாதாரண வீடுகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. அப்போது பொதுத்துறை நிறுவனமான ஈஇஎஸ்எல், புதுச்சேரியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வீட்டு நுகர்வோர் 60 வாட் குண்டு பல்புகளைக் கொடுத்துவிட்டு, ஒன்று 10 ரூபாய் வீதம் மூன்று 7 வாட் எல்இடி பல்புகளைப் பெற்றனர். நிறுவனத்தின் கொள்முதல் விலையோ பல்பு ஒன்றுக்கு 310 ரூபாய். மிச்சமாகும் மின்சாரத்தின் மதிப்பிலிருந்து முதலீட்டைப் படிப்படியாகத் திரும்பப் பெறுவதே ஏற்பாடு.

2015 ஜனவரி 5 அன்று தேசிய அளவில் தொடங்கிய திட்டம், பின்னர் உஜாலா எனப் பெயர்பெற்றது. மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கியதால் கொள்முதல் விலை 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. மூன்றாண்டு மாற்றித்தரும் உறுதியுடன் 9 வாட் பல்பு 70 ரூபாய்க்கு விற்கப்பட்டது. இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் மக்களைச் சென்றடைந்துள்ளன. அரசுக் கொள்முதல் ஒரு தொழில்நுட்பத்தை ஏழை வீடுவரை கொண்டுசேர்க்கும் என்பதற்கு இது பெருமைக்குரிய சான்று.

ஆனால் மக்களிடம் பதிந்த வாய்பாடு “அறுபதுக்குப் பதில் ஒன்பது” என்பதே. ஒரு வாட் எண்ணின் இடத்தில் இன்னொரு வாட் எண் வந்தது. பெட்டியில் அச்சாகியிருந்த லூமன் படிக்கப்படாமல் போயிற்று.

பின்தங்கிய அளவுகோல்கள்

முதலாவது, நிறம் காட்டும் திறன். பெட்டியில் சிஆர்ஐ என 100க்குள் ஓர் எண் இருக்கும். பட்டுப்புடவையைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பது நம் வழக்கம். உள்ளே எரியும் விளக்கில் அரக்கு நிறம் மங்கித் தெரிவதால் வந்த அனுபவ அறிவு அது. ஜவுளி, நகை, காய்கனிக் கடைகளுக்கு 90ஐ ஒட்டிய சிஆர்ஐ வேண்டும். வீட்டுக்கு 80 போதும்.

இரண்டாவது, டிரைவர். மாறுமின்சாரத்தை எல்இடிக்கு ஏற்ப மாற்றும் இச்சுற்றில் உள்ள மின்பகு கெப்பாசிட்டர் வெப்பத்தில் உலர்ந்துபோகும். 25,000 மணிநேரம் உழைக்கும் என்ற பல்பு மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் சீக்கிரம் அணைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சில்லுகள் அப்போதும் நல்ல நிலையில் இருக்கக்கூடும். நூற்றுக்கணக்கில் விளக்கு போடும் வணிக வளாகங்கள் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் பயனாகும் விகிதம்) 0.9க்குக் குறையாத டிரைவரைக் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது, துடிப்பு. மலிவான டிரைவரில் ஒளி நொடிக்கு 100 முறை ஏறியிறங்கும். லேத் பட்டறையில் சுழலும் பாகம் நிற்பதுபோலத் தோற்றம் தந்து, கை போகும் அளவுக்கு இது ஆபத்தானது. கைபேசிக் கேமராவில் விளக்கைப் பார்க்கும்போது கருங்கோடுகள் ஓடினால் துடிப்பு உண்டெனச் சந்தேகிக்கலாம்.

முடிவுரை

இவ்வரலாறு காட்டும் தேர்வுமுறை, பரப்பிலிருந்து தொடங்குவது. 100 சதுர அடி என்பது சுமார் 9.3 சதுர மீட்டர். அங்கே 150 லக்ஸ் (சதுர மீட்டருக்கு 150 லூமன்) வெளிச்சத்துக்கு ஏறத்தாழ 1,400 லூமன் வேண்டும். சுவர் விழுங்குவதையும் சேர்த்தால் 900 லூமன் பல்பு இரண்டு போதும். அடுத்து, படுக்கையறைக்கு 2700 முதல் 3000, படிக்கும் இடத்துக்கு 4000 கெல்வினை ஒட்டி என வண்ணத்தை முடிவு செய்யலாம். பிறகு சிஆர்ஐ, டிரைவர், உத்தரவாதம். வாட்டும் விலையும் இவற்றுக்குப் பின்னரே.

வாங்குபவரின் கவனம் மட்டும் இதற்குப் போதாது. புதுச்சேரியில் தொடங்கிய கொள்முதல், விலையை எட்டில் ஒரு பங்காக்கிக் காட்டியது. அதே வாங்கும் வலிமையை நிறத்தூய்மைக்கும் துடிப்பற்ற டிரைவருக்கும் அரசு பயன்படுத்த முடியும். நட்சத்திர முத்திரையில் லூமனும் கெல்வினும் சிஆர்ஐயும் பெரிய எழுத்தில், தமிழிலும் இடம்பெற வேண்டும். சிக்கனத்தை வீடுதோறும் சேர்த்த கொள்கை, நல்ல வெளிச்சத்தையும் அவ்வாறே சேர்க்கக் கடமைப்பட்டது.